"எனக்குக் கனவே வராது": தூக்கத்தில் நாம் எங்கே போகிறோம்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். வயது 41. விவரம் தெரிந்த நாளிலிருந்து கனவு கண்டதாக ஞாபகமே இல்லை. மனைவியோ தினமும் காலையில் காப்பியோடு ஒரு கனவையும் சொல்கிறார். அப்படியானால் என் மூளையில் ஏதாவது குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியது போல, ஏழு வயது மகள் கேட்டதையும் சேர்த்திருக்கிறீர்கள்: "அப்பா, தூங்கும்போது நீ எங்க போற?" முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. ஆனால் உங்களை எழுத வைத்தது இரண்டாவது கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கனவும் இல்லை, நினைவும் இல்லை என்றால் அந்த ஏழு மணி நேரம் நான் இருந்தேனா, இல்லையா? இதைத்தானே கேட்கிறீர்கள்?

நான் மருத்துவர் இல்லை. மதுரையில் ஒரு மருத்துவமனையின் தூக்க ஆய்வு அறையில் 16 ஆண்டுகளாக இரவுப் பணி பார்க்கும் டெக்னீஷியன். தலையில் ஒயர் ஒட்டிவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, இன்னொருவர் தூங்குவதை விடிய விடியத் திரையில் பார்ப்பதுதான் வேலை. எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் குறட்டைக்காரர்கள், தூக்கத்தில் மூச்சு அடைப்பவர்கள். கனவை ஆராய யாரும் வருவதில்லை. அதனால் இனிமேல் சொல்வதில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம், படித்தது நிறைய. எது உறுதி, எது இன்னும் இழுபறியில் இருக்கிறது என்று பிரித்தே சொல்கிறேன்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் எப்படித் தெரியும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். தலைத்தோலை மணல் போன்ற ஒரு ஜெல்லால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, மூளையின் மின் அலைகளைப் பிடிக்கும் எலக்ட்ரோடுகளை பேஸ்ட் வைத்து ஒட்டுவோம். கண்ணோரத்தில் இரண்டு, தாடையில் இரண்டு மூன்று. திரையில் ஒரு பக்கம் என்பது 30 விநாடி. கண்ணை மூடி விழித்திருக்கும்போது தலையின் பின்பக்கத்தில் நொடிக்கு எட்டிலிருந்து பதின்மூன்று வரை சீரான அலைகள் ஓடும். அது மெல்லக் கலையும். கண்கள் ஊஞ்சல் போல இப்படியும் அப்படியும் உருளும். ஆள் தூங்கத் தொடங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் நடு நடுவே அரை நொடி, ஒரு நொடிக்கு நெருக்கமான சிற்றலைக் கொத்து வரும்; நூல் சுற்றிய கதிர் போல நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கியிருக்கும். அதன் பிறகு ஆழ்ந்த தூக்கம்: மலை மலையாக எழுந்து விழும் மெதுவான பெரிய அலைகள். அந்த நேரத்தில் எழுப்பினால் ஆள் திருதிருவென்று விழிப்பார். இப்படி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போனதும் திரை மாறும். மூளைக்கோடுகள் விழித்திருப்பவருடையவை போலச் சிறுத்துப் பரபரக்கும், கண்கள் வெடுக் வெடுக்கென்று பாயும், தாடைக்கோடு மட்டும் உயிர் போனது போலத் தட்டையாகிவிடும். கண் பாயும் இந்தத் தூக்கத்தை நாங்கள் ரெம் என்போம்.

இதைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த யூஜீன் அசெரின்ஸ்கியும் அவருடைய ஆசிரியர் நத்தானியேல் கிளைட்மனும், ஆண்டு 1953. அசெரின்ஸ்கி தன் எட்டு வயது மகனையே ஒயர் மாட்டிப் படுக்க வைத்துத்தான் அந்தக் கண் பாய்ச்சலைப் பார்த்தார். 1957இல் வில்லியம் டெமென்டும் கிளைட்மனும் தூங்குகிறவர்களை எழுப்பி எழுப்பிக் கேட்டார்கள். ரெம் நேரத்தில் எழுப்பிய 191 தடவையில் 152 தடவை கனவைச் சொன்னார்கள். மற்ற தூக்கத்தில் எழுப்பிய 160 தடவையில் வெறும் 11. ரெம் என்றால் கனவு, கனவு என்றால் ரெம் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. அது பாதிதான் சரி, பிறகு வருகிறேன். உங்களுக்கு ரெம் வருகிறதா என்று கேட்டால், கண்டிப்பாக வருகிறது. வளர்ந்தவர்களின் தூக்கத்தில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு அதுதான். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் மதுவும் அதைக் குறைக்கும். இல்லாமல் ஆக்கிவிடுவது அபூர்வம்.

சரி, அப்படியானால் கனவு எங்கே போகிறது? இதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை மகன் குறட்டைக்காக அழைத்து வந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். ஒயர் ஒட்டிக்கொண்டே, கனவு வருமா ஐயா என்று கேட்டேன். "கனவா? அதெல்லாம் எனக்கு வராது தாயி. படுத்தா கட்டைதான்" என்றார். விடிகாலை நான்கு மணி தாண்டியிருக்கும். அருமையான ரெம் ஓடிக்கொண்டிருந்தது, கண்கள் அலைபாய்ந்துகொண்டிருந்தன. அப்போது விரலில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் கிளிப் கழன்றுவிட்டது. சத்தம் போடாமல் உள்ளே போய் விரலைத் தொட்டேன். சட்டென்று விழித்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கன்னுக்குட்டி கிணத்தோரம் நிக்குது தாயி, உள்ள விழுந்திரும், புடிச்சுக் கட்டு." குரலில் அப்படி ஒரு பதற்றம். "கட்டிட்டேன்யா, நீங்க படுங்க" என்றேன். கை தளர்ந்தது, ஒரு நிமிடத்தில் மறுபடி தூங்கிவிட்டார். ஆறு மணிக்கு வெந்நீர்த் துணியால் பேஸ்ட்டைத் துடைத்தெடுக்கும்போது, ராத்திரி ஏதாவது கனவு வந்ததா என்று கேட்டேன். "அதான் சொன்னேனே தாயி, எனக்கு வராது." கன்றுக்குட்டியைப் பற்றிச் சொன்னேன். நம்பாமல் என்னையே பார்த்தார். வீட்டில் மாடு இருந்து முப்பது வருடம் ஆகிறது என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. காலையில் அவரிடம் இருந்தது ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தை வைத்து "வரவில்லை" என்று முடிவுகட்டினார். நீங்கள் செய்வதும் அதுதான். நடக்கவே இல்லாததும் நடந்து மறந்துபோனதும் காலையில் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் சாவி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஏன் மறக்கிறது? ரெம் நேரத்தில் மூளைத்தண்டிலுள்ள, நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அடங்கிவிடுகின்றன. விலங்குகளில் இதை நேரடியாக அளந்திருக்கிறார்கள், சந்தேகமில்லை. விழித்திருக்கும்போது ஒன்றை மனதில் பதிய வைக்க அந்த வேதிப்பொருள் உதவுகிறது. அது இல்லாத நேரத்தில் நடப்பது பதியாமல் நழுவுகிறது என்பது பொருத்தமான விளக்கம். முழுதாக நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் இன்னொன்றைக் கண்டார்கள்: ரெம் நேரத்தில் மட்டும் இயங்கும் ஒருவகை நரம்பணுக்களை நிறுத்தி வைத்தால் எலிகளின் நினைவு மேம்படுகிறது. மறப்பதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கலாம் என்று அது காட்டுகிறது. ஆனால் அது எலி. கனவை மறப்பதற்கும் அதுவே காரணம் என்று தாவக்கூடாது. மனிதர்களிடம் உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம் எளிமையானது. பிரான்சில் லியோன் நகரத்தில் பெரின் ரூபியின் குழு, அடிக்கடி கனவு நினைவிருப்பவர்களையும் அபூர்வமாகவே நினைவிருப்பவர்களையும் ஒப்பிட்டது. முதல் வகையினர் இரவின் நடுவே விழித்திருந்த நேரம் சுமார் 30 நிமிடம், மற்றவர்கள் அதில் பாதிதான். நடுவில் விழிப்பு வந்தால்தான் கனவு மனதில் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஆகவே உங்கள் மனைவி கொஞ்சம் கலைந்து தூங்குகிறவராகவும் நீங்கள் அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறவராகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் குறை ஒன்றும் இல்லை.

உண்மையிலேயே கனவை இழந்தவர்களும் உண்டு. பக்கவாதத்தாலோ தலைக்காயத்தாலோ மூளையின் குறிப்பிட்ட சில இடங்கள் பாதிக்கப்பட்டபின், ரெம் தூக்கம் நன்றாக இருந்தும் கனவு அடியோடு நின்றுபோனவர்களை நரம்பியல் ஆய்வாளர் மார்க் சோல்ம்ஸ் தொகுத்துக் காட்டினார். நேற்றுவரை கனவு கண்ட ஒருவருக்குத் திடீரென நின்றால்தான் அப்படி யோசிக்க வேண்டும். உங்களுடைய கதை அதுவல்ல. இதற்கு எதிர்ப்பக்கத்தில் பாரிஸில் இசபெல் ஆர்னுல்ஃபின் குழு பார்த்தது எனக்கு மிகவும் பிடித்தது. சிலருக்கு ரெம் நேரத்தில் உடல் முடங்காமல் கனவில் செய்வதையெல்லாம் கைகால் செய்யும். அப்படிப்பட்டவர்களில் பல வருடங்களாகக் கனவே வந்ததில்லை என்று சத்தியம் செய்கிறவர்களும் இருந்தார்கள். ஆனால் காமிராவில் பார்த்தால் அவர்கள் தூக்கத்தில் வாதாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். மேலூர்ப் பெரியவரைத்தான் அவர்களிடமும் பார்த்தேன்.

இப்போது மகளின் கேள்விக்கு வருவோம். ரெம் இல்லாத மீதித் தூக்கத்தில் என்ன நடக்கிறது? 160இல் 11 என்ற அந்தப் பழைய கணக்கு வெகுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. டேவிட் ஃபோல்க்ஸ் என்பவர் 1962இல் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினார். "கனவு கண்டீர்களா" என்பதை விட்டுவிட்டு, "மனதில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்ததா" என்ற பொருளில் கேட்டார். ரெம் அல்லாத தூக்கத்திலும் பாதிக்கு மேற்பட்ட தடவை, ஆமாம், ஓடிக்கொண்டிருந்தது என்றார்கள். கதையாக இல்லை, ஒரு யோசனை, ஒரு முகம், ஒரு சொல். கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதிலே மாறிவிட்டது. இப்போதைய ஆய்வுகளில் மூன்று பதில்களுக்கு இடம் வைக்கிறார்கள். கனவு இருந்தது, இதுதான் அது. ஒன்றும் இல்லை. மூன்றாவது, ஏதோ இருந்தது, ஆனால் என்னவென்று சொல்ல வரவில்லை. இந்த மூன்றாவதை வெள்ளைக் கனவு என்கிறார்கள். உங்களுக்கே விடியற்காலையில் அப்படித் தோன்றியிருக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

2017இல் அமெரிக்காவில் விஸ்கான்சினில் பிரான்செஸ்கா சிக்லாரியும் ஜூலியோ டொனோனியும் வேறு சிலரும் 256 எலக்ட்ரோடு உள்ள வலையைத் தலையில் மாட்டித் தூங்குகிறவர்களைத் திரும்பத் திரும்ப எழுப்பிக் கேட்டார்கள். மூளையின் பின்பகுதியில் மெதுவான அலைகள் குறைந்திருந்த நேரத்தில் எழுப்பினால் ஏதோ அனுபவம் இருந்தது என்றார்கள். அதிகமாக இருந்த நேரத்தில் எழுப்பினால் ஒன்றுமில்லை என்றார்கள். ரெம் ஆனாலும் மற்றது ஆனாலும் இதுதான் நிலை. எழுப்புவதற்கு முன்பே திரையைப் பார்த்து ஊகித்தபோது 87 விழுக்காடு சரியாக வந்தது. படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது, ஏனென்றால் நான் தினமும் பார்க்கும் அதே அலைகள்தான் அவை. ஆனால் 2020இல் பின்லாந்தில் டுர்கு நகர ஆய்வாளர்கள், எது கனவு எது இல்லை என்று தெரியாதபடி மறைத்து வைத்துக்கொண்டு இதுபோன்ற அடையாளத்தைத் தேடியபோது கிடைக்கவில்லை. ஆகவே கனவு ரெம்முக்கு மட்டும் சொந்தமில்லை என்பது உறுதி. அதற்கான மூளைக் கையொப்பம் கிடைத்துவிட்டது என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது.

ஆழ்ந்த தூக்கத்தில் சிலநேரம் உண்மையாகவே ஒன்றும் இல்லாமல் போகிறது என்று நம்பவும் நல்ல காரணம் உண்டு. 2005இல் மார்செல்லோ மாசிமினி, டொனோனி குழு செய்த சோதனை இது. தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து மூளையின் ஓரிடத்தை லேசாகத் தட்டினார்கள். விழித்திருப்பவரிடம் அந்தத் தட்டல் ஓரிடத்தில் எழுந்து பல இடங்களுக்குப் பரவி, ஏறக்குறைய ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் எதிரொலித்தது. ஆழ்ந்து தூங்குபவரிடம் தட்டிய இடத்திலேயே பெரிதாக எழுந்து, அங்கேயே அடங்கிவிட்டது. மூளை அணைந்துவிடவில்லை; அது சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தும் ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டோடு பேசாத நிலை. ஒருங்கே சேர்ந்து இயங்காததால்தான் "நான்" என்ற உணர்வு எழவில்லை என்பது அவர்களின் கருத்து. தட்டல் பரவவில்லை என்பது அளந்த உண்மை. அதனால்தான் உணர்வு போகிறது என்பது கொள்கை, ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றை எங்கள் அறையில் அடிக்கடி பார்க்கிறோம். காலையில் எழுந்து, "ராத்திரி முழுக்கக் கண்ணே மூடலைங்க, உங்க மெத்தை சரியில்ல" என்பார்கள். திரையில் ஆறு மணி நேரத் தூக்கம் பதிவாகியிருக்கும். ஓர் ஆசிரியை அப்படிச் சொல்லிவிட்டு, பதிவைக் காட்டியபோது கண் கலங்கிவிட்டார். தான் பொய் சொல்வதாக நான் நினைக்கிறேன் என்று எண்ணிவிட்டார். ஆரம்பத்தில் நானும் கோட்டைத்தான் நம்பினேன், ஆளை நம்பவில்லை. இப்போது அப்படி இல்லை. சிக்லாரியின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகத் தூங்குகிறவர்களையே இரவின் தொடக்கத்தில், அலைகள் மலையாக எழும் நேரத்தில் எழுப்பினால், நான் விழித்துத்தான் இருந்தேன் என்று பல தடவை சொன்னார்கள். ஆழமாகத் தூங்கினோம் என்று அவர்கள் உணர்ந்தது பெரும்பாலும் ரெம்மில், கனவில் மூழ்கியிருந்தபோது. நாம் ஆழம் என்று கோட்டில் குறிப்பதும் தூங்குகிறவர் ஆழம் என்று உணர்வதும் வேறு வேறு. அந்த ஆசிரியை தன் அனுபவத்தைச் சரியாகத்தான் சொன்னார். அவரிடம் அன்று அப்படிச் சொல்லத் தெரியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

அறுவை சிகிச்சை மயக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. தசை தளர்த்தும் மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு முன்கையை மட்டும் பட்டை கட்டி அந்த மருந்து போகாமல் தடுத்துவிட்டு, "கேட்குதா? என் கையை அழுத்துங்க" என்று சொல்லிப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 260 பேரில் 4.6 விழுக்காட்டினர் அழுத்தினார்கள். இப்படிப் பதில் சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு எழுந்தபின் அதுபற்றி எந்த நினைவும் இருப்பதில்லை. அந்தக் கணத்தில் அங்கே ஒருவர் இருந்தார். பிறகு கேட்டால் யாருமே இருந்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் இந்த வழக்கு மிகப் பழையது. நனவு, கனவு, உறக்கம் என்று நிலைகளைப் பிரித்துப் பேசும் பழக்கம் சைவ சித்தாந்தத்திலும் வேதாந்தத்திலும் உண்டு. காலையில் எழுந்து "சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை" என்கிறோமே, அதைப் பிடித்துக்கொள்கிறார்கள் அத்வைதிகள். ஒன்றும் தெரியவில்லை என்பது உனக்கு இப்போது எப்படித் தெரிகிறது? அதை நினைவுகூர்கிறாய் என்றால் அப்போதே அதை அறிந்த ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயம் என்ற பழைய தர்க்க மரபைச் சேர்ந்த நியாயக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அது நினைவில்லை, ஊகம். உடம்பு தெளிவாக இருக்கிறது, நேரம் போயிருக்கிறது, நடுவில் எதுவும் ஞாபகமில்லை, அதிலிருந்து கட்டிய முடிவு என்றார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் அவர்கள் கேள்வியைக் கூர்மையாகப் பிடித்திருக்கிறார்கள். ஆழ்ந்த தூக்கத்திலும் ஒரு சாட்சி இருக்கிறது என்று சொல்லும் தியானப் பயிற்சியாளர்களை ஒயர் மாட்டிப் பார்த்த ஆய்வுகளும் சில உண்டு. 1997இல் வந்த ஒன்றில், பெரிய மெதுவான அலைகளோடு சேர்ந்து வேறுவகை அலைகளும் அவர்களிடம் தெரிந்தன. ஆள் எண்ணிக்கை மிகக் குறைவு. அதை வைத்து நியாயக்காரர்கள் தோற்றார்கள் என்று சொல்ல நான் தயாரில்லை.

காலைவரை காத்திருப்பதுதான் சிக்கல் என்றால், உள்ளே இருக்கும்போதே கேட்டால் என்ன? அதையும் செய்துவிட்டார்கள். கனவு காணும்போதே இது கனவு என்று சிலருக்குத் தெரிந்துவிடும். உடம்பு முடங்கியிருந்தாலும் கண் மட்டும் அசையும் என்பதை இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் இருந்த கீத் ஹெர்ன் பயன்படுத்திக்கொண்டார். 1975 ஏப்ரலில் ஆலன் வொர்ஸ்லி என்பவர் ரெம் தூக்கத்துக்குள் இருந்தபடியே, முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமும் ஆட்டி, நான் கனவில்தான் இருக்கிறேன், எனக்குத் தெரிகிறது என்று வெளியே சொன்னார். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியாக இதையே காட்டினார். 2021இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இன்னும் ஒரு படி போயின. தூங்குகிறவரின் காதில் "எட்டில் ஆறு போனால்?" என்று கேட்டார்கள். கண் இரண்டு தடவை இடமும் வலமுமாக அசைந்தது. எல்லா நேரமும் இப்படி நடக்கவில்லை. 158 தடவை முயன்றதில் சரியான பதில் 18.4 விழுக்காடுதான், பாதிக்கு மேல் மௌனம். ஆனால் ஒரே ஒரு தடவை நடந்தாலும், தூக்கம் என்றால் உணர்வில்லாமை என்ற பழைய சமன்பாடு உடைந்துவிடுகிறது. தூங்குகிறார், கோடு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கணக்கும் போடுகிறார்.

இந்த எல்லையில் தடுமாறி நிற்கும் இன்னொன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். விழித்துவிட்டோம், அறை தெரிகிறது, கையைக் காலை அசைக்க முடியவில்லை, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரில் அமுக்குவான் பேய் என்போம். ரெம்மில் தண்டுவடத்தின் இயக்க நரம்புகளுக்குப் பூட்டு போடப்படுகிறது. நாம் கனவில் ஓடும்போது உண்மையில் எழுந்து ஓடாமல் காப்பது அதுதான். உணர்வு முந்திக்கொண்டு விழித்து, பூட்டு திறக்கத் தாமதமானால் இந்த நிலை. விலா எலும்புத் தசைகளும் தளர்ந்து உதரவிதானம் மட்டுமே மூச்சை இழுப்பதால் நெஞ்சு அழுந்துவது போல இருக்கிறது. கனவு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் உருவமும் தெரிகிறது. ஓரிரு நிமிடத்தில் தானே விலகும், உயிருக்கு ஆபத்தில்லை. பயந்துபோய் வருகிறவர்களிடம் நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் முகம் தெளிந்துவிடும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும். ஐம்பதைத் தாண்டியவர் தூக்கத்தில் கத்தி, உதைத்து, கட்டிலிலிருந்து விழுந்து, கனவில் திருடனை அடித்தேன் என்று சொன்னால் அதை வேடிக்கையாக விட்டுவிடாதீர்கள். ரெம் பூட்டு பழுதாகும் இந்த நோயை 1986இல் மினியாபொலிஸில் கார்லோஸ் ஷென்க் குழுவினர் அடையாளம் காட்டினார்கள். வேறு காரணமில்லாமல் இது வந்தவர்களைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்ததில், 12 ஆண்டுகளில் நூற்றுக்கு 73 பேருக்குப் பார்க்கின்சன் போன்ற நோயோ மறதி நோயோ வந்ததாக 2019இல் கணக்கிட்டார்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். அதேபோல் அமுக்குவான் அடிக்கடி வந்து, பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் தள்ளினாலும் காட்டுங்கள். கனவு நினைவில்லை என்பதற்காக மட்டும் யாரும் மருத்துவமனைக்கு அலைய வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது ஒரு சின்னச் சோதனை. ரெம் விடியற்காலையில்தான் நீளமாக வரும், ஆகவே அந்த நேரம்தான் வசதி. மறுநாள் விடுமுறை என்றால், வழக்கமாக எழும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாக உங்களை எழுப்பச் சொல்லி மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அலாரம் வேண்டாம், அதன் சத்தத்திலும், அணைக்கக் கை நீட்டுவதிலும் பாதி போய்விடும். விழிப்பு வந்ததும் புரளாதீர்கள், கண்ணைத் திறக்காதீர்கள், மணி என்ன என்று யோசிக்காதீர்கள். மனதில் கடைசியாக இருந்தது ஒரு நிறமோ, ஒரு பெயரோ, காரணமில்லாத ஓர் எரிச்சலோ ஆனாலும் அதைச் சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்ளட்டும். ஒரு நாளில் வராது. இரண்டு மூன்று வாரம் பாருங்கள். மகள் சீக்கிரம் எழுகிற பிள்ளை என்றால் எழுப்பும் வேலையை அவளிடமே கொடுங்கள். "கனவு கண்டியாப்பா" என்று கேட்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள், அதற்கு நீங்கள் பழக்கதோஷத்தில் இல்லை என்றுதான் சொல்வீர்கள். காதருகே வந்து மெதுவாக, "அப்பா, இப்ப எங்க இருந்த?" என்று கேட்கட்டும்.